ஹனோய் தெருவுணவு: விடுதிக் காலையுணவில் தொடங்கும் தவறுகள்

சில மாதங்களுக்கு முன்பு என் சித்தப்பா மகன் குடும்பத்தை வியட்நாம் தலைநகர் ஹனோய்க்கு அழைத்துச் சென்றிருந்தேன். முதல் பயணத்தில் நான் செய்த பிழைகளை அவர்கள் ஒன்றுவிடாமல் அதே வரிசையில் செய்ததைப் பார்த்த பிறகு, இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கூட்டமுள்ள கடையைப் பாருங்கள் போன்ற அறிவுரைகள் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விடுதியில் காலையுணவை முடித்துவிட்டுக் கிளம்புவது

அறை வாடகையில் காலையுணவும் அடக்கம் என்ற ஒற்றை வரிதான் ஹனோயின் பாதித் தெருவுணவை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. அந்நகரத்தில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பொழுது உண்டு. பெரும்பாலான கடைகளில் ஒரே பண்டம்தான் இருக்கும். மாட்டெலும்பைச் சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை ஆகியவற்றுடன் பல மணி நேரம் கொதிக்கவைத்து எடுக்கும் ஃபோ (அரிசி நூடுல்ஸ் சூப்) சாறு விடியற்காலையிலேயே தயாராகிவிடும். பானை காலியானால் அன்றைய வியாபாரம் முடிந்தது. துணியின்மேல் மெல்லிதாக ஊற்றி ஆவியில் வேகவைத்த அரிசிமாவுத் தாளில் இறைச்சியும் காளானும் வைத்துச் சுருட்டும் பான் குவொன், மஞ்சள் சேர்த்த பசையரிசிச் சோற்றின்மேல் பாசிப்பருப்பைச் சீவிப்போட்டுப் பொரித்த வெங்காயம் தூவும் சோய் சேயோ (நம் வெண்பொங்கலுக்குத் தூரத்து உறவு என்று நான் சொல்வதுண்டு) ஆகியவற்றையும் காலையில்தான் தேடிப் போக வேண்டும்.

முதல் பயணத்தில் நான் விடுதியில் ரொட்டியும் முட்டையும் தர்பூசணியும் நிதானமாகச் சாப்பிட்டு, பத்தரை மணிக்குப் பழைய நகரப் பகுதியிலிருந்த ஒரு ஃபோ கடைக்குப் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையை மணிக்கட்டோடு திருப்பித் திருப்பி ஆட்டினார். 'கொஞ்சம் பொறு' என்கிறார் என்று நினைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த முதியவர் எழுந்து வந்து காலிப் பானையைச் சாய்த்துக் காட்டிய பிறகே, அந்தக் கையசைவுக்கு 'இல்லை' என்று பொருள் என்பது விளங்கியது. மறுநாளும் விடுதியில்தான் சாப்பிட்டேன், பணம் கட்டியாயிற்றே! மூன்றாம் நாள், பல மொழிகளில் படம் போட்ட பட்டியல் வைத்திருந்த ஓர் உணவகத்தில், தெருவில் கேட்கும் விலையைப்போல் மூன்று மடங்கு கொடுத்து, மணமே இல்லாத வெந்நீரில் மிதந்த ஃபோவைச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

"அண்ணா, பஃபே ஃப்ரீதானே, அதை ஏன் விடணும்?" என்று தம்பி கேட்டபோது எனக்கு வந்த எரிச்சலுக்கு இதுதான் காரணம். அது இலவசமன்று, மூன்று நாள் பயணத்தில் மூன்று காலைகள் அதற்கு விலையாகப் போகின்றன. காலையுணவு சேராத அறையை எடுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு தெருவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, விடுதிக்குத் திரும்பிப் பழமும் காப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்கு மேல் கரிப்புகை வரும் திசையில் நடந்தால் பூன் சா (கரியில் சுட்ட பன்றியிறைச்சி மிதக்கும் சாற்றுக் கிண்ணமும் தனியே அரிசி நூலும்) கிடைக்கும். 2016 மே மாதம் ஒபாமா அதை ஹனோயில் இரவுணவாகச் சாப்பிட்டார் என்பது உண்மைதான். ஊர்க்காரர்களுக்கு அது மதியச் சாப்பாடு.

சாற்றைச் சுவைக்குமுன் எல்லாவற்றையும் கலப்பது

ஹனோயில் ஃபோவுடன் பூண்டு ஊறிய வினிகர், மிளகாய், எலுமிச்சை ஆகியவைதான் பெரும்பாலும் மேசையில் இருக்கும். தெற்கிலுள்ள சாய்கோனில் முளைகட்டிய பயறும் தழைகளும் கரிய இனிப்புச் சாஸும் கூடவே வரும். முதல் இரண்டு கரண்டிச் சாற்றைத் தனியாகக் குடியுங்கள். தம்பி மகன் மிளகாய்ச் சாஸை ஊற்றிச் சிவப்பாக்கிய கிண்ணத்தைக் கடைக்காரர் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

பூன் சாவைக் குழம்புச் சோறாக்குவது

இடியாப்பம் போன்ற அந்த அரிசி நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்ணத்தில் நனைத்துச் சாப்பிட வேண்டும். கிண்ணத்தைத் தூக்கி அதன்மேல் கவிழ்க்கக் கூடாது.

முக்காலி

தாழ்வாகத்தான் இருக்கும்.

'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொல்வது

நம்மவர்களில் சைவர்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். நெத்திலியையும் உப்பையும் தொட்டிகளில் ஏறத்தாழ ஓராண்டு ஊறவைத்து வடிக்கும் நுவொக் மாம் என்னும் மீன் சாஸ், காய்கறி வதக்கலிலும் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் இருக்கும். மேலே சொன்ன சோய் சேயோவின்மீதுகூடப் பலர் கோழிக் கொழுப்பையோ பன்றிக் கொழுப்பையோ ஊற்றித் தருகிறார்கள். கேட்க வேண்டிய சொல் 'சாய்', அதாவது சைவம். தொனி மாறினால் அதே சொல் 'ஓடு' என்றாகிவிடும் என்பதால், வியட்நாமிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் காட்டுவதே நல்லது. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியான 15ஆம் நாளிலும் பௌத்தர்கள் பலர் சைவம் உண்பதால், பயணத் தேதியை அதையொட்டி வைத்துக்கொண்டால் சாய் உணவு எளிதாகக் கிடைக்கும்.

நோட்டுகளைப் பார்க்காமல் நீட்டுவது

20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலச் சாயல் கொண்டவை, இரண்டிலும் ஹோ சி மின்தான் இருக்கிறார், மதிப்போ 25 மடங்கு வேறுபடுகிறது. பெரிய நோட்டை வேறு பையில் வையுங்கள்.