பழைய பியூட்டர் குவளை வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி இங்கிலாந்துப் பியூட்டர் (வெள்ளீயம் அதிகமுள்ள உலோகக் கலவை) குவளை ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தார். "1690களில் செய்ததாம் அண்ணா" என்று பெருமை வேறு. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பல வருடங்களுக்கு முன் நானும் இதே குழியில் விழுந்தவன். ஓட்டை, ஒடுக்கு, பற்றவைத்த கைப்பிடி எல்லாம் கண்ணுக்கே தெரியும், அவற்றை விடுவோம்.

ராஜாவின் எழுத்தை வைத்து வயது சொல்வது

என் குவளையின் விளிம்புக்குக் கீழே மகுடமும் டபிள்யூ.ஆர். என்ற எழுத்துகளும் குத்தியிருந்தன. மன்னர் வில்லியம் என்று அர்த்தம். மூன்றாம் வில்லியம் இறந்தது 1702இல்; அப்படியானால் குவளை அதற்கும் முந்தையது என்று நானாகவே கணக்குப் போட்டு, பாதி மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விஷயம் இதுதான். ஏல் (அதுவும் பீர் வகைதான்), பீர் விற்கும் குவார்ட், பைன்ட் அளவுக் குவளைகளில் (இரண்டு பைன்ட் ஒரு குவார்ட்) அளவு சரி என்பதற்கு அடையாளமாக இந்த முத்திரையைக் குத்தச் சொல்லி 1700இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ராஜா போய்விட்டார், முத்திரை போகவில்லை. ராணி ஆன் வந்தார், ஜார்ஜ் மன்னர்கள் வந்தார்கள். அதையேதான் நூறு வருடத்துக்கும் மேலாகக் குத்திக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு 1830 முதல் 1837 வரை நான்காம் வில்லியம் ஆண்டார். அவருக்கும் அதே எழுத்துகள்!

வீட்டுக்கு வந்த பிறகுதான் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிச் சமையலறைத் தராசில் வைத்தேன். தண்ணீர் மட்டும் 568 கிராம். அதாவது 1824இல் சட்டமாகி 1826இல் நடைமுறைக்கு வந்த இம்பீரியல் பைன்ட். பழைய ஏல் பைன்ட் என்றால் 578 கிராம் வரும், பழைய ஒயின் பைன்ட் என்றால் 473. ஒடுக்கு விழுந்த குவளையில் பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். விவரம் தெரிந்த ஒருவர் கைப்பிடியைப் பார்த்து 1830கள் என்றதும் அந்த ஆறுதலும் போயிற்று. ஒரே நாளில் நூற்று முப்பது வயது குறைந்துவிட்டது.

இந்த முத்திரை பரிசோதித்தவர் வைத்தது, செய்தவர் வைத்ததல்ல. மறுபடி பரிசோதித்தால் புதிதாக இன்னொன்றும் குத்துவார்கள். 1878 சட்டத்துக்குப் பிறகு மகுடம், ராணி விக்டோரியாவின் வி.ஆர்., அந்த வட்டாரத்துக்கான எண் மூன்றும் சேர்ந்து வரும். தம்பி அனுப்பிய படத்தை நன்றாகப் பெரிதாக்கினால் அந்த எண்ணும் தெரிகிறது. 1879க்குப் பிறகும் ஏதோ மதுக்கடையில் புழங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

மகுடம் வைத்த எக்ஸ் முத்திரை

கலவை தரமானது என்று செய்தவர் போட்டுக்கொண்டது. அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வரிசையாக நான்கு குட்டிச் சின்னங்கள்

வெள்ளிச் சாமான் போலத் தெரிய வேண்டும் என்று குத்தியவை. வெள்ளி இல்லை.

தேய்த்துப் பளபளப்பாக்குவது

வேண்டாம். முத்திரையும் சேர்ந்து தேயும்.

சூடு

நம் வீட்டு ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் என்ன ஆகுமோ, அதேதான்.

அதில் குடிப்பது

பழைய கலவையில் காரீயம் இருக்கலாம். அலமாரியிலேயே இருக்கட்டும்.