காலையில் கடல், இரவில் ஏற்காடு: வார இறுதிப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஏற்காடு அடிவாரத்தில் ஒரு தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தேன். புதுச்சேரியிலிருந்து வந்த கார் ஒன்றிலிருந்து நான்கு இளைஞர்கள் இறங்கினார்கள். பின் இருக்கையின் மேல் ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர்களில் ஒருவர் கடலுக்கடியில் எடுத்த காணொளியை டீ மாஸ்டரிடம் பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தார். காலையில் இரண்டு முறை ஸ்கூபா (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலில் மூழ்குவது), இரவு ஏற்காட்டில் தங்கல், மறுநாள் விடியுமுன் சேர்வராயன் கோயில் வரை நடை என்பது அவர்கள் திட்டம். இன்று மேலே போக வேண்டாம் என்று நான் சொன்னதும் அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "அண்ணா, மூழ்கின அன்னைக்கு ப்ளேன்லதான் போகக் கூடாதுன்னாங்க. நாங்க கார்லதானே போறோம்?" என்று கேட்டார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை நானும் கேட்டேன். ஆனால் பதில் சொல்ல யாரும் அருகில் இல்லை. சேலத்திலிருந்து நண்பர்களோடு கடலுக்கும் மலைக்கும் போய்வருவது எனக்கு வழக்கமாகிவிட்ட இத்தனை ஆண்டுகளில், புதிதாக வருகிறவர்கள் நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீருக்கடியில் மூச்சை அடக்கக் கூடாது, துணையை விட்டு விலகக் கூடாது என்பவற்றையெல்லாம் பயிற்சியாளர் படகிலேயே சொல்லிவிடுவார். மலைக்குத் தண்ணீரும் டார்ச்சும் எடுத்துப்போக வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூழ்கிய உடலோடு மலை ஏறுவது

கடலில் பத்து மீட்டர் இறங்கும்போதெல்லாம் உடலைச் சூழ்ந்த அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அது கரையில் இருப்பதைப்போல 2.8 மடங்கு. சிலிண்டரோடு இணைத்து வாயில் கவ்விக்கொள்ளும் ரெகுலேட்டர் அதே அழுத்தத்தில்தான் நமக்குக் காற்றைத் தருகிறது. அந்தக் காற்றின் பெரும்பகுதி நைட்ரஜன். ஆக்சிஜனை உடல் பயன்படுத்திக்கொள்கிறது. நைட்ரஜனுக்கு உடலில் வேலை இல்லாததால், அது இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளைச் சுற்றிய திசுக்களிலும் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகு அது நுரையீரல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற மணிக்கணக்கில் ஆகும். ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிறுத்திவைத்து நம்மை மேலே அழைத்து வருவது இதை முன்னிட்டே. ஆனால் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் என்ற கருவி போடும் கணக்கு முழுவதும், கரையேறிய பிறகும் நாம் கடல்மட்டத்தை ஒட்டியே இருப்போம் என்ற நம்பிக்கையில் நிற்கிறது.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் அதற்கும் மேலே 1,600 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. 1,500 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்த அளவு குறைந்தாலே, வெளியேறக் காத்திருக்கும் நைட்ரஜன், கோலி சோடாவின் கோலியை உள்ளே தள்ளியதும் நுரை கிளம்புவதுபோல உடலுக்குள் குமிழிகளாகத் திரளக்கூடும். அதனால் வருவதுதான் டிகம்ப்ரஷன் நோய். விமானத்துக்குள்ளும் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்கும். விதியில் விமானம் இடம்பெற்றதற்குக் காரணம் அந்த உயரம். அதே உயரத்துக்குக் கிட்டத்தட்ட காரில் போனாலும், அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே போனாலும் இரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது.

கடலில் மூழ்குபவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதலின்படி, ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், ஒரே நாளில் பலமுறையோ தொடர்ந்து பல நாட்களோ மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் உயரத்துக்குப் போகாமல் இருக்க வேண்டும். இது 2,000 அடியிலிருந்து 8,000 அடி வரையிலான (ஏறத்தாழ 600 முதல் 2,400 மீட்டர்) உயரத்துக்கான கணக்கு. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி. அந்த இளைஞர்கள் கடலிலிருந்து ஏறியது நண்பகல் பன்னிரண்டு மணிக்கு. அடிவாரத்தில் நான் அவர்களைப் பார்த்தது மாலை ஏழுக்கு. இடைவெளி ஏழு மணி நேரம்.

என் கதையிலும் இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான். அன்றும் இரண்டு முறை மூழ்கிவிட்டு, புதுச்சேரியில் வயிறு நிறைய மீன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு புறப்பட்டோம். வாழப்பாடியில் ஒரு கடையில் சிப்ஸ் பாக்கெட்டுகள் வாங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பன்னிரண்டாவதைத் தாண்டும்போது, மடியில் கிடந்த பாக்கெட் குட்டித் தலையணைபோல உப்பியிருந்தது. அதை விரலால் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்த நண்பன், பதினைந்தாவது வளைவில் ஓங்கி அடித்து உடைத்தான். கார் முழுக்கச் சிப்ஸ் சிதறியது. எல்லாரும் சிரித்தோம். வெளியழுத்தம் குறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று என்ன செய்யும் என்பதை அந்தப் பாக்கெட் எங்கள் கண்முன்னாலேயே காட்டியும், ஐந்து பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

இரவு பதினொரு மணி அளவில் இடது தோள்பட்டை வலிக்கத் தொடங்கியது. கையை எப்படி வைத்தாலும் ஆறாத, எலும்புக்குள்ளிருந்து வருவது போன்ற வலி அது. சிலிண்டர் தூக்கிய வலியாக இருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். காலையில் வலியோடேயே சேர்வராயன் கோயிலுக்கு நடந்தேன். மூழ்கிய ஒரு நாளைக்குள் கடுமையாக உடலை வருத்தினாலே குமிழிகள் கூடும் அபாயம் உண்டு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆக, ஒரு தவற்றின் மேல் இன்னொன்றை ஏற்றியிருக்கிறேன். கோயிலை அடைவதற்குள் இடது கையின் இரண்டு விரல்களில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. மாலையில் சேலத்துக்கு இறங்கியதும் வலி சற்றுத் தணிந்தது. அந்தத் தணிவுதான் என்னை ஏமாற்றியது. சரியாகிவிட்டது என்று நினைத்துத் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பேனாவைப் பிடிக்க முடியவில்லை. முதலில் பார்த்த மருத்துவர் தசைப்பிடிப்பு என்று மாத்திரை எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் கடலில் மூழ்கியதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் சொன்னதும், அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு ஆக்சிஜன் கொடுத்து, உயர் அழுத்த அறை இருக்கும் சென்னைக்கு அனுப்பினார்கள். இரும்புக் குழாய் போன்ற அந்த அறைக்குள், பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு ஒத்த அழுத்தத்துக்கு என்னைக் கொண்டுபோய், ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் மெல்ல மெல்ல வெளியே எடுத்தார்கள். மீன் ஒன்றுகூட இல்லாத அந்தப் பதினெட்டு மீட்டருக்கு, நான் கடலுக்குக் கொடுத்ததைப்போலப் பல மடங்கு பணம் கொடுத்தேன். படகில் ஏறுமுன் கையெழுத்திட்ட தாளில் பதினெட்டு மணி நேரக் குறிப்பு இருந்தது. படிக்காமல் கையெழுத்திட்டவன் நான்தான்.

இந்த நோயின் அறிகுறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் வலி, காரணம் தெரியாத அசதி, தோலில் அரிப்பு அல்லது திட்டுத்திட்டான நிறமாற்றம், மரத்துப்போதல், தலைச்சுற்றல், கால்களில் பலவீனம், சிறுநீர் கழிக்கச் சிரமம் ஆகியவற்றில் எதுவாயினும், மூழ்கிய ஒரு நாளைக்குள் தோன்றினால் அதைச் சாதாரண வலியென்று ஒதுக்கக் கூடாது. மலையில் இருந்தால் கீழே இறங்குங்கள், வலி நின்றாலும் மருத்துவமனைக்குப் போங்கள், முதல் வாக்கியமாக "நேற்று ஸ்கூபா செய்தேன்" என்று சொல்லுங்கள், ஆக்சிஜன் கேளுங்கள். மீண்டும் கடலில் மூழ்கினால் சரியாகிவிடும் என்று யாராவது அறிவுரை சொன்னால், அவரைப் பயணக் குழுவிலிருந்து நீக்குங்கள்.

தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர்கள் இதையெல்லாம் பார்த்தார்களா என்று கேட்கும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். அவர்கள் ஒரே மூச்சை அடக்கி இறங்கி ஏறினார்கள். ஆழத்தில் சிலிண்டர் காற்றை அரை மணி நேரம் சுவாசிக்கவில்லை.

வரிசையை மாற்ற மறுப்பது

இவ்வளவுக்கும் தீர்வு எளிது: முதலில் மலை, பிறகு கடல். உயரத்திலிருந்து இறங்கி வந்து மூழ்குவதில் இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் சனிக்கிழமை கடலில் கூட்டம் குறைவு, ஞாயிற்றுக்கிழமை மலையில் காலைப் பனி அழகு, விடுதியில் ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டோம் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். கடலையும் மலையையும் ஒரே தொகுப்பாக விற்கும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் சிலர்கூட, முதல் நாள் கடல் என்றே அட்டவணை போடுவதைப் பார்த்திருக்கிறேன். வாட்ஸப்பில் அனுப்பப்படும் அந்த வண்ணப் படத்தில் மணிக் கணக்கு மட்டும் இருக்காது. கடல்தான் முதலில் என்று பிடிவாதமாக இருந்தால், மலைக்கு மூன்றாம் நாளை ஒதுக்குங்கள். விதி 18 மணி என்றாலும் என் குழுவுக்கு நான் வைத்திருப்பது முழுதாக 24 மணி.

இரவெல்லாம் கார் ஓட்டிக் கடலுக்குப் போவது

வரிசையை மாற்றியவர்கள் விழும் அடுத்த குழி இது. மலையில் நடந்து களைத்த கால்களோடு, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, காலை ஆறரை மணிக்குப் படகில் ஏறுவார்கள். தூக்கமில்லாத உடலில் வாந்தி முந்திக்கொள்ளும். எங்கள் குழுவில் ஒருவர் ஒருமுறை படகின் ஓரத்தைப் பிடித்தபடியே நான்கு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, தண்ணீரில் கால்கூட நனையாமல் ஊர் திரும்பினார். மலையிலிருந்து மதியமே இறங்கி, இரவு உணவுக்குள் புதுச்சேரி போய்த் தூங்க வேண்டும்.

சளியோடு மூழ்குவது

காது அடைக்கும், செவிப்பறை கிழியவும் கூடும். படகுக்குக் கட்டிய பணத்தை மறந்துவிடுங்கள்.

வேகமானவரை முன்னால் விடுவது

கடலில் நன்றாக நீந்துகிறவர் மலையிலும் நன்றாக நடப்பார் என்று ஏனோ எல்லாரும் நம்புகிறார்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் பாதைகள் அடிக்கடி கிளை பிரிபவை. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடியும் பனியும் சேர்ந்தால் முப்பது அடிக்கு அப்பால் இருப்பவர் தெரியமாட்டார். ஒரு ஜனவரிக் காலையில் எங்கள் குழுவில் மூவர் முன்னால் ஓடிவிட, பின்னால் வந்த இருவர் கிளைப்பாதையில் திரும்பி, காட்டெருமை ஒன்றின் எதிரே போய் நின்றார்கள். அது தலையைத் தூக்கிப் பார்த்தது, பெருமூச்சு விட்டது, செடிகளை முறித்துக்கொண்டு இறங்கிப் போனது. அதற்குப் பிறகு மெதுவாக நடப்பவரே முன்னால் நடக்கிறார். வேகமானவர் கடைசியில் வந்து பொறுமையைப் பழகிக்கொள்கிறார்.

அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் நுழைவது

2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை மறந்துவிட்டவர்கள்தான், "உள்ளூர்ப் பையன் வழி காட்டுவான்" என்று சொல்லிக்கொண்டு கோடையில் காய்ந்த புல்மேட்டில் ஏறுகிறார்கள். வனத்துறை மூடிய பாதை என்றால் அங்கே போகக் கூடாது. சேர்வராயன் கோயிலுக்கும் பகோடா பாயின்டுக்கும் நடந்தாலே ஒரு நாள் நிறையும்.

கிளியூர் அருவியின் பாசிப் பாறையில் ஏறிப் படம் எடுப்பது

வேண்டாம்.

முந்தைய இரவு மது

உடலில் நீர் வற்றும். மறுநாள் தோன்றும் அறிகுறியும் போதை இறங்கிய களைப்பும் ஒன்றுபோலவே இருக்கும். புதுச்சேரி என்பதற்காகக் குடித்தே ஆக வேண்டியதில்லை.

வீடு எங்கே இருக்கிறது என்பதை மறப்பது

சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கடலை முடித்துவிட்டு நாங்கள் அன்றே ஊர் திரும்பலாம். பெங்களூரு ஏறத்தாழ 920 மீட்டர். அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஞாயிறு நண்பகல் கடலிலிருந்து ஏறி, அன்றிரவே தொப்பூர் வழியாகப் பெங்களூருக்குப் பேருந்து பிடிப்பது அடிவாரத்து நால்வர் செய்யவிருந்த அதே தவறுதான். இருட்டில், தூங்கிக்கொண்டே ஏறுவதால் யாருக்கும் தெரிவதில்லை. ஏற்காட்டிலேயே வீடு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். எங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறார். கடலுக்குப் போகும் வாரங்களில் ஞாயிறு இரவு அவர் சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார். திங்கள் மதியம் சாப்பிட்ட பிறகுதான் மலைப் பேருந்தில் ஏறுவார். அந்த நால்வரும் அன்றிரவு சேலத்திலேயே தங்கினார்களாம். காணொளி எடுத்த தம்பி மறுநாள் பிற்பகல் உப்பிய சிப்ஸ் பாக்கெட்டின் படம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார், எந்த வளைவில் எடுத்தது என்று மட்டும் எழுதவில்லை.