மகளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள்

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர் குறையில்லாமல் வந்து இறங்குகிறது. அந்தக் கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு நடை அழைத்து வாருங்கள்.

அதற்கு முன், மாதவிலக்குத் தேதிகளை நாள்காட்டியில் குறித்துவரச் சொல்லுங்கள். முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரை இடைவெளி இருப்பது இயல்பு. ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டினாலோ, ஓரிரு மணி நேரத்திலேயே நாப்கின் முழுக்க நனைந்தாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்க வேண்டும், டீயோடு கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசிக்கு 9 முதல் 14 வயதே ஏற்ற பருவம். அதைப் பற்றியும் கேளுங்கள்.

அம்மாக்களே, பிறகு பத்து நிமிடம் வெளியே உட்காருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவள் தாவணி நுனியைத் திருகிக்கொண்டு, "ஒன்றுமில்லை அக்கா" என்பாள். கதவைச் சாத்தியதும் வெள்ளைப்படுதலைப் பற்றிக் கேட்பாள். நாற்றமும் அரிப்பும் இல்லையென்றால் அது இயல்பானது. இருந்தால் எளிய மருந்து உண்டு. மாதக்கணக்கில் மனத்துக்குள் புழுங்குவது எதற்கு?

மகனையும் அழைத்து வாருங்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவதை நோயென்று நம்பி, லாட்ஜ் வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டும் பையன்கள் இருக்கிறார்கள்.