மூன்று மணிக் கணக்கா, பிள்ளை கேட்கும்போதா? புருஷன் பெண்டாட்டி ஒரு முடிவுக்கு வர

ஆஸ்பத்திரியில் இருந்து கிளம்பும்போது நர்ஸ் சொல்லி அனுப்புவார்: "ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை பால் கொடுங்க." பல வீடுகளில் சண்டை இந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கிறது. நான் அதை 'அதற்கு மேல் இடைவெளி விடக்கூடாது' என்று எடுத்துக்கொண்டேன். என் கணவர் 'அதற்கு முன்னால் கொடுக்கக்கூடாது' என்று எடுத்துக்கொண்டு போனில் அலாரம் வைத்துவிட்டார். அலாரம் அடிக்க இன்னும் நாற்பது நிமிடம் இருக்கும், பிள்ளை வீறிட்டு அழும், அவர் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடப்பார், எனக்கு இங்கே பால் கசிந்து நைட்டி நனைந்துவிடும். இரண்டு பேருமே நல்லதைத்தான் செய்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அதனால் முதலில் அந்த வரிக்கு இருவரும் ஒரே அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் குழந்தையின் எடை கொஞ்சம் குறையும், பெரும்பாலும் பத்துப் பதினான்கு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதுவரை தூங்குகிறதே என்று விட்டுவிடாமல் எழுப்பிக் கொடுக்கத்தான் அந்தக் கணக்கு. குறைமாதம், எடை குறைவு, மஞ்சள் காமாலை என்றால் மருத்துவர் சொன்னதுதான், அங்கே வாதமே வேண்டாம். மற்றபடி பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை தாய்ப்பால் குடிப்பது இயல்பு. ஆனால் சம இடைவெளியில் குடிக்காது.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, எழுதிப் பாருங்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். எப்போது குடித்தது, எப்போது தூங்கியது, எத்தனை தடவை ஒன்றுக்குப் போனது, நான்கு நாளைக்கு இருவரும் மாறி மாறி எழுத வேண்டும், ஒருவர் மட்டும் எழுதினால் அது குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடும். எங்கள் தாளில் ஒரு சாயங்காலம் 6.10, 6.50, 7.30, 8.15 என்று இருந்தது, அடுத்தது நள்ளிரவு 12 மணி. அதைப் பார்த்த பிறகு அவராகவே அலாரத்தை எடுத்துவிட்டார். மாலையில் இப்படி அடுத்தடுத்துக் கேட்பது சின்னக் குழந்தைகளின் வழக்கம், பால் பத்தவில்லை என்று அர்த்தமில்லை. முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு ஆறு தடவையாவது நன்றாக நனைத்து, எடையும் ஏறினால் பால் போதும்.

இன்னொன்று, அழுகை பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டும், தலையை இப்படியும் அப்படியும் திருப்பி மார்பைத் தேடும். அப்போதே எடுத்தால் நிதானமாகக் குடிக்கும். தாய்ப்பால் குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும், முதல் வாரங்களில் கடிகாரத்துக்காகக் காக்க வைத்தால் சுரப்புதான் குறையும். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, ஒழுங்கு வேண்டும் என்று கேட்பவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் கேட்பது பெரும்பாலும் தூக்கத்தைத்தான். இரண்டு மூன்று மாதத்தில் குழந்தைக்குப் பகல் இரவு பிடிபட ஆரம்பிக்கும். அப்போது நேரத்தை அல்ல, வரிசையைப் பழக்குங்கள்: உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, பால் கொடுத்து, விளக்கணைத்து, தாலாட்டு. ஏழரைக்கு ஆனாலும் எட்டரைக்கு ஆனாலும் வரிசை மாறாமல் இருந்தால் போதும். அழவிட்டுத் தூங்கப் பழக்கலாம் என்ற பேச்சை முதல் ஆறு மாதத்துக்கு எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

இரவு வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். பால் கொடுப்பது அம்மா. தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்க வைப்பது, துணி மாற்றுவது, படுக்கவைப்பது அப்பா. எங்கள் வீட்டில் பாதிச் சண்டை இதிலேயே போனது, ஏனென்றால் எனக்குக் கோபம் அலாரத்தின் மேல் மட்டும் இல்லை, தூக்கமே இல்லாததன் மேலும்தான். படுக்கவைப்பது மல்லாந்துதான், தலையணை இல்லாமல், சமமான படுக்கையில். தூளியில் போட்டால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், கழுத்து மடங்கி மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சு விடுவது சிரமம்.

வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஓரளவு கணக்கு தேவைதான். போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே பாலைப் பீய்ச்சி எடுத்து, அதை அப்பாவோ பாட்டியோ பாலாடையில் கொடுத்துப் பழக்குங்கள். நம் ஊர் வெக்கையில் வெளியே வைக்காமல் எடுத்த உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், நான்கு நாள் வரை இருக்கும்.

பெரியவர்கள் "வெயில் காலம், தொண்டை காயும், தண்ணி கொடு" என்பார்கள். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். இதை மருமகள் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாகிவிடும், அத்தையிடம் மகன்தான் சொல்ல வேண்டும், அதுவும் பிள்ளை அழாத நேரத்தில்.

அப்புறம், எந்த முடிவையும் நடுராத்திரியில் மாற்றாதீர்கள். 6, 10, 14 வாரத்தில் தடுப்பூசிக்குப் போவீர்கள், எடையும் பார்ப்பார்கள். ஒரு ஊசியில் இருந்து அடுத்த ஊசி வரை முறையை மாற்றாதீர்கள், ஊசி போட்டு வீட்டுக்கு வந்த பிறகு அந்த எடையை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். நனைப்பது குறைந்தாலோ, எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ மட்டும் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.