சீனியர் ஓய்வு பெறும் முன் அவருடைய அனுபவத்தை விக்கியில் சேர்ப்பது எப்படி?

யூபிஎஸ் சர்வீஸ் செய்யும் சிறிய கம்பெனி எங்களுடையது. ஃபீல்டில் இருக்கும் டெக்னீஷியன்கள் எங்கே சிக்கினாலும் ஒரே சீனியருக்குத்தான் போன் போடுவார்கள். அவர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும், அவருக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரி செய்யும் வேலை என்னிடம் வந்தது. விக்கி ஒன்றை, அதாவது பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் வலைப்பக்கத் தொகுப்பை அமைத்து அதைச் செய்த முறை இது. பிஎச்பி ஓடும் லினக்ஸ் சர்வர் ஒன்று இருக்கிறது, அதில் கோப்புகளை ஏற்ற உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கேள்விகளைச் சேகரியுங்கள்

தலைப்புப் பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். கேள்விகள் ஏற்கெனவே உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கின்றன. ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து, மீடியா இல்லாமல் எடுத்தால் டெக்ஸ்ட் கோப்பாக வரும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை, கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே தனியாக எடுத்து வையுங்கள். “பேட்டரி பராமரிப்பு” என்று யாரும் தேடுவதில்லை. “பேக்கப் நிக்கல” என்றுதான் தேடுவார்கள். பக்கத்தின் பெயரும் அதுவாகவே இருக்கட்டும்.

2. டோக்குவிக்கியை நிறுவுங்கள்

குறிப்புகளைச் சேர்த்து வைக்க கான்ஃப்ளுயன்ஸ், நோஷன் எல்லாம் நல்ல கருவிகள்தான். ஆனால் ஆள் கணக்கில் மாதக் கட்டணம் என்றால் சிறிய கம்பெனிக்குக் கட்டாது. புக்ஸ்டாக் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் டேட்டாபேஸ் வேண்டும். 2004-இல் வெளிவந்த இலவச விக்கி மென்பொருளான டோக்குவிக்கி பக்கங்களைச் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளாகவே வைத்துக்கொள்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பக்கத்தின் பெயர் நீளமானால் சேமிக்க முடியாமல் போகும். டோக்குவிக்கி தமிழ்ப் பெயரை அப்படியே வைக்காமல் சதவீதக் குறி (%) சேர்ந்த ஆங்கில எழுத்து, எண்களாக மாற்றி வைப்பதுதான் காரணம். ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் 9 எழுத்தாக, அதாவது 9 பைட்டாக வீங்கும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், அதனால் ‘லி’ ஒன்றுக்கே 18 போய்விடும். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. ஆக, மூன்று நான்கு சொல் தாண்டினாலே இடிக்கும். அட்மின் பக்கத்தின் கான்ஃபிகரேஷன் செட்டிங்ஸில், கோப்புப் பெயர் என்கோடிங் என்ற இடத்தில் ‘யூடிஎஃப்-8’ என்று மாற்றிவிடுங்கள். முதல் பக்கம் எழுதும் முன்பே மாற்றுங்கள். பிறகு மாற்றினால் பழைய பக்கங்கள் காணாமல் போன மாதிரி இருக்கும்.

3. படிவம்

அறிகுறி, மாடல், என்ன அளந்தோம், காரணம், செய்த வேலை, எழுதியவர், தேதி. இந்த ஏழு வரி போதும். இதை டெம்ப்ளேட் கோப்பாகப் போட்டுவைத்தால் புதுப் பக்கம் திறக்கும்போது தானாக வந்து நிற்கும்.

4. சீனியரோடு உட்காருங்கள்

முழுக் காரியமும் இதில்தான் இருக்கிறது. “உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டால் ஒன்றும் வராது. அவர் மறைக்கிறார் என்று அர்த்தமில்லை. கண்ணெதிரே ஒரு கேஸ் இருந்தால்தான் அவருக்கே அது நினைவுக்கு வரும். அதனால் குரூப்பில் எடுத்த கேள்வியை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

“அண்ணே, பேட்டரி எல்லாம் பன்னெண்டரைக்கு மேல காட்டுது, ஆனா ரெண்டே நிமிஷத்துல ட்ரிப் ஆகுது.”

“லோடுல வச்சுப் பாத்தியாப்பா?”

இந்த ஒரு கேள்விதான் நமக்கு வேண்டிய சரக்கு. லோடு இல்லாதபோது கெட்ட பேட்டரியும் நல்ல வோல்டேஜ் காட்டும். மெயின்ஸை நிறுத்தி, லோடு ஓடும்போது ஒவ்வொன்றாக அளந்தால் வரிசையில் ஏதோ ஒன்று 10 வோல்ட்டுக்குக் கீழே சரியும். அந்த ஒன்று மொத்த பேட்டரி வரிசையையும் கீழே இழுத்துவிடும்.

அதோடு விடாமல், “முதலில் ஏன் அங்கே பார்த்தீர்கள்? எதைத் தொடக்கூடாது?” என்று கேளுங்கள். 12 வோல்ட் பேட்டரி 16 தொடராக இருந்தால் 192 வோல்ட் டிசி. மெயின்ஸை நிறுத்தினாலும் அங்கே மின்சாரம் இருக்கும், கையுறை இல்லாமல் கை வைக்கக்கூடாது. இந்த மாதிரி எச்சரிக்கையை அவராக எழுதமாட்டார், அவருக்கு அது பழகிப்போன விஷயம். புதிதாக வரும் பையனின் உயிரே அதில்தான் இருக்கிறது. அந்த வரியைப் பக்கத்தின் உச்சியில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மணிக்கணக்கில் வீடியோ எடுத்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேண்டிய இடத்தை அதில் தேடிப் பிடிக்க முடியாது.

5. சரிபார்ப்பும் பெயரும்

எழுதியதை வேறொரு டெக்னீஷியன் படித்து, செய்து பார்த்த பிறகே வெளியிடுங்கள். எழுதியவர் பெயர் கட்டாயம் இருக்கட்டும். ஜெராக்ஸ் நிறுவனம் 1990-களில் காப்பியர் டெக்னீஷியன்களுக்காக யுரேகா என்ற அமைப்பைக் கொண்டுவந்தபோதும் இப்படித்தான் செய்தது. ஒருவர் அனுப்பும் குறிப்பை அனுபவசாலிகள் சரிபார்ப்பார்கள், பிறகு அவர் பெயரோடு அது வெளியாகும். சக தொழிலாளிகள் நடுவே கிடைத்த மரியாதைதான் அவர்களைத் தொடர்ந்து எழுத வைத்தது. எங்களிடமும் பெயர் போட ஆரம்பித்த பிறகுதான் பையன்கள் தாமாகவே எழுத வந்தார்கள்.

சேர்த்தது: வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை விக்கியில் வைக்கலாமா என்று கமெண்டில் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். அதற்கு பிட்வார்டன் மாதிரி தனிக் கருவி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி சேர்த்தது: “எங்கள் ஆட்கள் டைப் அடிக்க மாட்டார்கள்” என்று பலரும் சொல்கிறீர்கள். கூகுளின் ஜிபோர்ட் கீபோர்டில் தமிழ் வாய்ஸ் டைப்பிங் நன்றாகவே வருகிறது. மாடல் எண்ணை மட்டும் கையால் அடிக்கச் சொல்லுங்கள், அதை அது தப்பும் தவறுமாக எழுதும். அதுவும் முடியாதென்றால் வாய்ஸ் நோட் வாங்கி, ஆபீஸில் ஒருவர் படிவத்தில் நிரப்பி, அனுப்பியவரிடமே ஒருமுறை வாசித்துக் காட்டட்டும். பக்கத்தில் போட வேண்டியது வாய்ஸ் நோட் அனுப்பியவர் பெயர்தான், டைப் அடித்தவர் பெயர் இல்லை.