யாரு ஒனக்கு நோம் போட்டது? புது வருட வாசிப்பு இலக்கு வைப்பவர்களுக்கு ஒரு செய்முறை

இரண்டு வருடங்களுக்கு முன்னால் டிசம்பர் 31ஆம் திகதி இரவு, புது டயரியின் முதல் பக்கத்தில் "52 புத்தகம்" என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டேன். வாரத்துக்கு ஒன்று. எழுதிப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தைப்பொங்கலுக்குப் பானை கழுவிக்கொண்டிருந்தபோது முதல் புத்தகத்தின் 41ஆம் பக்கத்தில் நின்றேன். பெப்ரவரியில் அந்த டயரி கடைக் கடன் கணக்கு எழுதப் போய்விட்டது.

அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். சிரிக்கவில்லை. "யாரு ஒனக்கு நோம் போட்டது?" என்று மட்டும் கேட்டார்.

இலங்கையின் தேயிலை மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக: நோம் என்றால் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, பறித்தே ஆக வேண்டிய கொழுந்தின் கிலோக் கணக்கு. அது குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம். அன்றைக்கு மழையா, மலை சரிவா, அட்டை கடித்ததா, செடியில் கொழுந்தே இல்லையா என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. மலையைப் பார்க்காமல் மேசையில் இருந்து போடும் எண் அது. நான் டயரியில் போட்டதும் அதே மாதிரி எண்தான். வித்தியாசம், நோம் போடும் துரையும் நானே, பறிக்கும் ஆளும் நானே.

அடுத்த வருடம் வேறு மாதிரிச் செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு புத்தகமே தொடாதவர்களுக்கும் இது போதும். தேவையானவை: ஒரு புத்தகம், சுவரில் மாட்டும் ஒரு கலண்டர், ஒரு பேனை, மணி அடிக்கிற போன்.

படி 1: முதலில் நிறுத்துப் பாருங்கள்

டிசம்பர் கடைசி வாரத்தில் இலக்கு எதுவும் எழுத வேண்டாம். கொழுந்தை நிறுப்பது போல, ஒரு வாரம் உங்கள் வாசிப்பை அளந்து பார்ப்பது மட்டும்தான் வேலை.

போனில் 15 நிமிடத்துக்கு மணி வையுங்கள். போனைக் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். எட்டாத தூரத்தில் வைத்தால் இன்னும் நல்லது. வழக்கமாக வாசிப்பது போலவே வாசியுங்கள். மணி அடித்ததும் எத்தனை பக்கம் என்று கலண்டரில் அந்தத் திகதிக் கட்டத்துக்குள் எழுதுங்கள். வேகமாக வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. பார்க்க யாரும் இல்லை.

என் முதல் வாரம் இப்படி இருந்தது: 6, 9, 4, 7, 0, 5, 6. அந்த 9 ஒரு துப்பறியும் கதை. 4 வந்த அன்று பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், பிறந்தநாள் பாட்டு. 0 வந்த அன்று தலைவலி. வாசித்த ஆறு நாளுக்கு மொத்தம் 37 பக்கம். ஆக, நான் 15 நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 பக்கம் வாசிக்கிற ஆள்.

இப்போது பழைய 52 புத்தகக் கணக்கைப் பாருங்கள். ஒன்று 150 பக்கம் என்று வைத்தாலும் 7,800 பக்கம். ஒரு நாள் விடாமல் 21 பக்கத்துக்கு மேல், அதாவது தினமும் ஏறக்குறைய 53 நிமிடம். காலை ஐந்து மணிக்கு ரொட்டி சுட்டுவிட்டு பஸ் பிடித்து ஹட்டனுக்கு வேலைக்குப் போய், இரவு ஏழரைக்கு வீடு திரும்புகிறவளுக்கு அந்த 53 நிமிடம் எங்கே இருக்கிறது? டயரி எழுதிய அன்று இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் டயரியாவது மிஞ்சியிருக்கும்.

படி 2: நேரத்தையும் இடத்தையும் பிடியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான படி. "தினமும் வாசிப்பேன்" என்பது நடக்காது. "சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்த கையோடு, இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்), 15 நிமிடம்" என்பது நடக்கும். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலைக்குப் பின்னால் வாசிப்பைக் கட்டிவிட வேண்டும்.

லயத்து வீட்டில், தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவர்களுக்குத் தனி அறை, மேசை விளக்கு என்று சொல்கிற புத்தகங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஒரு காம்பராவில் ஐந்து பேர், ஒரு பல்பு, ஒரு டிவி. அந்த வீட்டில் இரவு எட்டு மணி யாருக்கும் சொந்தமில்லை. நான் மூன்று இடத்தை முயன்று பார்த்தேன்.

முதலாவது பஸ். தலவாக்கலையில் இருந்து ஹட்டன் வரையிலான வளைவுகளில் இரண்டாம் பக்கத்திலேயே வயிறு பிரட்டியது. சிலருக்கு ஒத்துவரும், எனக்கு வரவில்லை. இரண்டாவது இரவு படுக்கை. கம்பளிக்குள் கை போனால் அப்புறம் பக்கம் புரட்ட வெளியே வராது. அதுவும் ஜனவரிக் குளிரில்! மூன்றாவது, காலையில் அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணி கொதிக்கும் நேரமும் அதைக் குடிக்கும் நேரமும். அடுப்படியில் சூடும் இருக்கிறது, எல்லோரும் தூக்கம், டிவியும் இல்லை. அது நிலைத்தது.

உங்களுக்கு வேறு இடமாக இருக்கலாம். பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் நேரம், கடையில் பகல் சாப்பாட்டுக்குப் பிந்திய கால் மணி நேரம். மூன்று இடம் எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு நாள் முயன்று, ஒன்றைப் பிடியுங்கள். கரண்ட் போகிற இரவுகளுக்கு ஒரு டோர்ச்சும் கைக்கெட்ட இருக்கட்டும். மே கடைசியில் தென்மேற்கு மழை தொடங்கினால் நம் பக்கத்தில் அது தேவைப்படும்.

படி 3: இப்போது எண்ணைப் போடுங்கள், போட்டதில் குறையுங்கள்

நிறுத்துப் பார்த்த எண் கையில் இருக்கிறது. கிழமைக்கு ஏழு நாள் போடாதீர்கள், ஐந்து நாள் போடுங்கள். வருடத்தில் 52 வாரம். அதில் சித்திரைப் புத்தாண்டு வாரம், தீபாவளி வாரம், கோயில் திருவிழா வாரம், பிள்ளைகளின் பரீட்சை வாரம், யாராவது ஆஸ்பத்திரியில் கிடக்கும் வாரம், செத்த வீட்டு வாரம் என்று ஆறைக் கழித்துவிடுங்கள். இவை வரும் என்று நமக்குத் தெரியும். தெரிந்ததைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, பிறகு "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று நம்மையே திட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை.

46 வாரம், வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 6 பக்கம்: 1,380 பக்கம். 150 பக்கப் புத்தகமாக வைத்தால் ஒன்பது. நான் எட்டு என்று எழுதினேன். அந்த ஒன்று மழைக்கு.

எழுதும்போது எண்ணை முன்னால் வைக்காதீர்கள். கலண்டரின் அட்டையில் நான் எழுதியது: "வாரத்தில் 5 நாள், காலைத் தேத்தண்ணியோடு 15 நிமிடம். வருடக் கடைசியில் எட்டுப் புத்தகம் அளவுக்கு வந்தால் சந்தோஷம்." முதல் வாக்கியம் என் கையில் இருப்பது. இரண்டாவது அதனால் விளைவது.

படி 4: மூன்று புத்தகம் மட்டும் தேர்ந்தெடுங்கள்

முழு வருடத்துக்கும் பட்டியல் வேண்டாம். மூன்று போதும்: கையை விட்டு இறங்காது என்று தோன்றுகிற இரண்டு, கொஞ்சம் முயற்சி கேட்கிற ஒன்று. முடிந்ததும் அடுத்த மூன்று.

தொடக்கத்துக்குச் சிறுகதைதான் என் சிபாரிசு. ஒரு கதை இரண்டு மூன்று காலையில் முடிந்துவிடும், ஒரு வாரம் விட்டுப்போனாலும் கதை மறந்து போகாது. என். எஸ். எம். இராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து", தெளிவத்தை ஜோசப்பின் "நாமிருக்கும் நாடே" இரண்டும் நம் மலைகளின் சிறுகதைத் தொகுப்புகள். நம் வீட்டுச் சொல் அச்சில் வரும்போது வாசிப்பு வேகம் தானாகக் கூடும்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? முதலில் உங்கள் நகர சபை அல்லது பிரதேச சபையின் பொது நூலகம். அங்கத்துவப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். யாருடைய கையெழுத்து வேண்டும், எவ்வளவு கட்டணம் என்பது இடத்துக்கு இடம் மாறும். வேலை நாளில் போய் நேரே கேட்டுவிடுவது நல்லது. இரவல் காலம் பெரும்பாலும் இரண்டு வாரம். இங்கே ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. இரண்டு வாரத்தில் நான் வாசிப்பது 60 பக்கம், புத்தகமோ 150. ஐந்து வாரம் பிடிக்கும். அதனால் எடுக்கும்போதே எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்று கேட்டு, கொடுக்க வேண்டிய திகதியைக் கலண்டரில் சிவப்பில் குறியுங்கள். தண்டப்பணத்துக்குப் பயந்தே நூலகப் பக்கம் போகாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருத்தி.

பனிக்காலத்தில் நூலகப் புத்தகத்தைச் சுவரோரம் வைக்காதீர்கள். சுவர் ஈரம் உறிஞ்சி அட்டை பூத்துவிடும். ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றி அரிசி வாளிக்கு மேல் வைத்தால் போதும்.

போனில் வாசிப்பதாக இருந்தால் இரண்டு இடம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசம். மலையக எழுத்தும் நிறைய இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் இலக்கியம் கிடைக்கும். நூலகம் இணையத்தளத்தில் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள். சின்னத் திரையில் எழுத்து எறும்பு மாதிரித் தெரியும். போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் கொஞ்சம் தேவலை. டேட்டா இருக்கும்போது இறக்கி வைத்துவிட்டு, வாசிக்கும்போது டேட்டாவை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் சத்தம் கேட்டால் 15 நிமிடம் அதோடு போச்சு.

கொழும்பில் செப்டம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும். நம் பக்கத்தில் இருந்து ரயிலில் போய்வரவே ஒரு நாள் சரி. போவதானால் தனியாகப் போகாமல் நாலு பேர் காசு சேர்த்து, ஒருவரிடம் பட்டியல் கொடுத்துவிடுங்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அப்போது உள்ளூர் நூலகத்திலும் ஏதாவது நடக்கும், விசாரியுங்கள்.

படி 5: போயாவுக்குப் போயா கணக்குப் பாருங்கள்

வாசித்த நாளுக்குக் கலண்டரில் ஒரு சரி போடுங்கள், அதன் அருகில் வாசித்து நிறுத்திய பக்க எண். விருப்பமானால் ஒரு சொல். என் கலண்டரில் ஒரு மூலை இப்படி இருக்கிறது: "12: சரி, 88, பாவம் கிழவி." "13: சரி, 93." "14: இல்லை, பொங்கல்." அந்த "பாவம் கிழவி" இரண்டு சொல்தான். இன்றைக்கும் அதைப் பார்த்தால் முழுக் கதையும் ஞாபகம் வருகிறது.

தினமும் கணக்குப் பார்க்க வேண்டாம். பௌர்ணமி போயா நமக்கு லீவு, கலண்டரிலும் அச்சடித்தே இருக்கிறது. ஜனவரியில் துருது தொடங்கி வருடத்துக்குப் பன்னிரண்டு, சில வருடம் பதின்மூன்று. அன்று உட்கார்ந்து போன போயாவில் இருந்து எத்தனை சரி என்று எண்ணுங்கள். அதிகபட்சம் இருபதுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

15க்கு மேல் என்றால் எதையும் மாற்ற வேண்டாம். 10க்கும் 15க்கும் இடையில் என்றால் நேரத்தையோ இடத்தையோ மாற்றிப் பாருங்கள். 10க்குக் கீழே என்றால் 15 நிமிடத்தைப் பத்தாகக் குறையுங்கள். விட்டுப்போன பக்கத்தை அடுத்த மாதத்தில் சேர்க்காதீர்கள். அரைப்பேர் போடுவது அங்கேதான் தொடங்கும். கூட்டுவதாக இருந்தால் மார்ச் மாத மெதின் போயாவுக்கு முன்னால் கூட்டவே வேண்டாம். பொது நூலகம் போயாவன்று பெரும்பாலும் பூட்டியிருக்கும் என்பதால் புத்தகம் மாற்றுவதை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

படி 6: பிடிக்காத புத்தகத்தை விடுங்கள், சத்தமாக வாசிப்பதைச் சேருங்கள்

முப்பது பக்கம் போயும் ஒட்டவில்லையென்றால் மூடிவிடுங்கள். வாசித்த பக்கமெல்லாம் கணக்கில் சேரும்.

இன்னொன்றும் சேரும். வீட்டில் எழுத்துத் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுவது. இதை முதலில் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு காலையில் தேத்தண்ணியோடு வாசித்துக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து வந்து, "அதுல என்னதான் போட்டிருக்கு?" என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். 15 நிமிடத்தில் மூன்று பக்கம்தான் போனது. நடுநடுவே நிறுத்தி, இந்தக் கங்காணி எங்க டிவிசன் ஆள் மாதிரியே இருக்கானே என்று சொல்வார், பிறகு அந்த ஆளின் கதையைத் தொடங்குவார். வேகம் பாதியாகிவிட்டது. எட்டுப் புத்தகம் ஆறாகத்தான் முடிந்தது.

போன வாரம் கதை முடிகிற இடத்துக்கு ஒரு பக்கம் இருக்கும்போது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று புத்தகத்தை மூடினேன். அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குப்புறக் கிடந்த போனைப் பார்த்தார்.

"அதுக்குள்ள மூடிட்டியா? மணி இன்னும் அடிக்கலயே."