வார இறுதிகளில் ஐரோப்பா: கோடைப் பயிற்சிக்குச் செல்லும் பெங்களூரு மாணவருக்கு

மே மாதம் தேர்வு முடிந்த கையோடு ஐரோப்பிய ஆய்வகம் ஒன்றுக்கோ பல்கலைக்கழகக் கோடை வகுப்புக்கோ பெங்களூருவிலிருந்து புறப்படும் மாணவர், ஊர் சுற்றுவதற்கென்று கையில் வைத்திருப்பது இரண்டு மூன்று மாதங்கள் அல்ல, எட்டோ பத்தோ வார இறுதிகள்தான். திங்கள் முதல் வெள்ளி வரை ஆய்வகம் விடாது. இதைக் கணக்கில் எடுக்காமல் பாரிஸ், ரோம், பார்சிலோனா, பிராக், ஆம்ஸ்டர்டாம் என்று பதினைந்து ஊர்ப் பட்டியலோடு கிளம்புகிறவர்கள், பாதி வார இறுதியை ரயில் நிலையத்திலும் மீதியை வரிசையிலும் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஊரின் புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், தங்கியிருக்கும் ஊரிலிருந்து எத்தனை மணி நேர ரயில் பயணம் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே இந்தக் கோடைக்குப் பொருந்தும் முறை.

அதற்கு முன் விசா. ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) குறுகியகால விசா எந்த 180 நாள் காலத்திலும் 90 நாட்கள் தங்குவதற்கே இடம் தருகிறது. இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் இதில் சேரும். மே 15 அன்று இறங்குகிறவருக்கு ஆகஸ்ட் 12 தொண்ணூறாவது நாள். "மூன்று மாதம்" என்று வாய்க்கணக்குப் போட்டு ஆகஸ்ட் 15-க்கு விமானச்சீட்டு எடுத்தால் சிக்கல்தான். பயிற்சியே 90 நாட்களைத் தாண்டுமானால் அந்த நாட்டின் நீண்டகால விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், பயிற்சிக் கடிதம் வந்த வாரமே அப்பாயிண்ட்மென்ட் எடுத்துவிடுவது நல்லது. ஏப்ரல் பிறந்துவிட்டால் பெங்களூருவின் விசா மையங்களில் கோடைச் சுற்றுலாவுக்குப் போகும் குடும்பங்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். அதிக நாட்கள் எந்த நாட்டில் தங்கப் போகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விமானம் முதலில் பாரிஸில் இறங்குகிறது என்பதற்காக, ஜெர்மனியில் பயிற்சி பெறப்போகிறவர் பிரான்ஸிடம் விண்ணப்பிக்கக் கூடாது. விசாக் கட்டணம் 90 யூரோ. படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ செல்லும் மாணவருக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் மையத்தின் சேவைக் கட்டணத்தைத் தனியே கட்ட வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட்டில் சேலம், ஓசூர் என்று ஊர் முகவரி இருந்து பெங்களூருவில் விண்ணப்பிக்கிறவர்கள், கல்லூரியின் போனஃபைட் சான்றிதழோடு விடுதிச் சான்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளட்டும்.

விசா கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை முறை உள்ளே நுழையலாம் என்ற கட்டத்தைத்தான். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. ஒருமுறை நுழைவு மட்டும் தரப்பட்ட விசாவோடு, தனியே பிரிட்டன் விசாவும் வாங்கி, ஒரு சனி ஞாயிறு லண்டனுக்குப் போனவர் திங்கட்கிழமை ஆய்வகத்துக்குத் திரும்ப முடியாது. பலமுறை நுழைவு வேண்டுமானால் விண்ணப்பத்திலேயே கேட்டு, காரணத்தையும் கடிதத்தில் எழுதிவிட வேண்டும்.

இனி ஊர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை. தங்கும் ஊரை நடுவில் வைத்து, நான்கு மணி நேர ரயில் தொலைவுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று எழுதிப் பாருங்கள். மியூனிக்கில் இருப்பவருக்கு நியூரம்பெர்க் ஏறத்தாழ ஒரு மணி நேரம், இன்ஸ்பிரக்கும் சால்ஸ்பர்க்கும் இரண்டு மணி நேரத்துக்குள், சூரிக் மூன்றரை, வியன்னா நான்கு. பாரிஸில் இருப்பவருக்குப் பிரஸ்ஸல்ஸ் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு, ஸ்ட்ராஸ்பர்க், லியோன் இரண்டு மணி நேர அளவு, ஆம்ஸ்டர்டாம் மூன்றரைக்குள். ஆனால் பாரிஸில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு நிலையம்: பிரஸ்ஸல்ஸ் ரயில் கார் து நோரிலிருந்தும், ஸ்ட்ராஸ்பர்க் ரயில் கார் து லெஸ்ட்டிலிருந்தும், லியோன் ரயில் கார் து லியோனிலிருந்தும் கிளம்பும். வியன்னாவில் இடம் கிடைத்தவரே கொடுத்து வைத்தவர். பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம், புடாபெஸ்ட் மூன்று மணி நேரத்துக்குள், பிராக் நான்கு என்று மூன்று நாட்டுத் தலைநகரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வெள்ளி மாலை வேலை முடிந்து கிளம்பி, ஞாயிறு மாலை திரும்பும் கணக்கில் ஒரு வார இறுதிக்கு ஓர் ஊர்தான் சரி. இரண்டு ஊர்களை நுழைத்தால் இரண்டுமே அரைகுறையாகும்.

ஜெர்மனியில் இருப்பவர்கள் முதல் நாளே வாங்க வேண்டியது டாய்ச்லாண்ட் டிக்கெட். 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. நாடு முழுவதும் நகரப் பேருந்து, மெட்ரோ, டிராம், வட்டார ரயில் அனைத்துக்கும் இது செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களுக்குச் செல்லாது. எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரைக்கும் இதே டிக்கெட் செல்லும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வட்டார ரயிலில் ஒன்று மட்டும் கவனம்: சில ரயில்கள் வழியிலேயே பிரியும். மியூனிக்கிலிருந்து ஆல்ப்ஸ் அடிவாரத்துக்குச் செல்லும் பிஆர்பி நிறுவனத்தின் வட்டார ரயில் ஒன்றாகவே புறப்படுகிறது. ஹோல்ட்ஸ்கிர்ஹனில் ஒரு பகுதி கழன்று பைரிஷ்ஸெல் பக்கம் போகிறது, மிச்சப் பெட்டிகள் ஷாஃப்ட்லாஹில் மறுபடி பிரிந்து ஒன்று டேகர்ன்ஸே ஏரிக்கும் மற்றது லெங்ரீஸுக்கும் செல்கின்றன. ஏரிக்குப் போக நினைத்தவர் மலைக்குப் போய்ச் சேராமல் இருக்க வேண்டுமானால், பெட்டியில் ஏறுவதற்கு முன் அந்தப் பெட்டியின் பலகையிலேயே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்க வேண்டும். நடைமேடையில் தொங்கும் பெரிய பலகை மட்டும் போதாது.

பல நாட்டு ரயில்களில் ஒரே சீட்டில் செல்ல உதவும் யூரெயில் பாஸ் வாங்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். 27 வயது வரை உள்ளவர்களுக்கு அதில் இளையோர் சலுகை உண்டு என்பது உண்மை. ஆனால் வார இறுதியில் மட்டும் பயணிப்பவருக்கு, சில வாரம் முன்பே வாங்கும் சலுகைக் கட்டணச் சீட்டுகளே பெரும்பாலும் மலிவாக முடிகின்றன. போதாக்குறைக்கு பிரான்ஸின் டிஜிவி, இத்தாலி, ஸ்பெயின் விரைவு ரயில்கள், யூரோஸ்டார் ஆகியவற்றில் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். பயிற்சி முடிந்து கடைசியில் பத்து நாள் தொடர்ச்சியாகச் சுற்றப் போகிறவருக்குத்தான் பாஸ் பொருந்தும். ஞாயிறு இரவின் கடைசி ரயிலை எப்போதும் விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ரயிலுக்குச் சீட்டெடுங்கள். ஜெர்மன் ரயில்கள் நேரம் தவறாதவை என்ற பழைய பெயர் இன்று செல்லாது. சேருமிடத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக அடைந்தால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 விழுக்காடும் திரும்பக் கேட்க ஐரோப்பிய ஒன்றிய விதி இடம் தருகிறது. சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

இருபது யூரோவுக்கு விமானம் என்று விளம்பரம் வரும்போது விமான நிலையம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாரிஸ் என்று விற்கப்படும் போவே, பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். பிராங்க்பர்ட் ஹான், பிராங்க்பர்ட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போவதற்கே அலுத்துக்கொள்ளும் பெங்களூருக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இடங்களைப் பொறுத்தவரை, எதற்கு முன்பதிவு வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே முடித்துவிட்டால் மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு இணையத்தில் மட்டுமே சீட்டு. ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரத்துக்குப் பிந்தைய சீட்டுகள் விற்பனைக்கு வருகின்றன. எனவே ஜூலை நடுவில் ஆம்ஸ்டர்டாம் என்றால் ஜூன் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அலாரம் வைக்க வேண்டும். மிலானில் லியனார்டோவின் கடைசி விருந்து ஓவியத்துக்கு முன் ஒரு குழுவுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம்; அந்தச் சீட்டும் நினைத்த நேரத்தில் கிடைக்காது. பெர்லினில் நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கட்டணமே இல்லை, ஆனால் பெயரை முன்பே பதிந்துகொண்டு பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். மாலை வெயிலில் அங்கே மேலேறுவதைவிட நல்ல இலவசக் காட்சி அந்த ஊரில் இல்லை என்பேன்.

மாணவர் அட்டை காட்டினால் எல்லாம் இலவசம் என்று நம்பிப் போகாதீர்கள். லூவர் அருங்காட்சியகத்தில் 26 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான இலவசம் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவர்களுக்கு உரியது. குறுகியகால விசாவில் வந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். 2026 ஜனவரியிலிருந்து அந்தப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அங்கே கட்டணம் 32 யூரோ. செவ்வாய்க்கிழமை லூவருக்கு விடுமுறை, திங்கட்கிழமை பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்கு. மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில் வார நாட்களிலும் சனியிலும் மாலை 6 முதல் 8 வரையும், ஞாயிறு 5 முதல் 7 வரையும் எவருக்கும் இலவசம்; இரண்டு மணி நேரத்தில் முழுவதையும் பார்க்க முயலாமல், வெலாஸ்கெஸின் லாஸ் மெனினாஸுக்கும் கோயாவின் கறுப்பு ஓவியங்களுக்கும் நேரே போய்விடுவது புத்திசாலித்தனம். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறன்று இலவசம்தான், ஆனால் அந்த வரிசை திருப்பதியை நினைவூட்டும். பணம் கட்டி வேறொரு நாள் போவதே மேல். அங்கேயும் புனித பேதுரு பேராலயத்திலும் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்த வேண்டும்.

கோடைக்கென்றே சில குறைகள் உண்டு. வியன்னா அரசு ஓபெராவின் மலிவான நின்றுபார்க்கும் சீட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு ஜூலையில் போகிறவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். பருவம் ஜூனோடு முடிந்து செப்டம்பரில்தான் மீண்டும் தொடங்கும். ஆகஸ்ட் 15 நமக்குச் சுதந்திர தினம் என்றால் இத்தாலி, பிரான்ஸ், ஆஸ்திரியாவில் மாதா விண்ணேற்றத் திருநாள். அதையொட்டி இத்தாலியில் சிறு கடைகள் பல வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். வெயில் சில நாள் நாற்பது டிகிரியைத் தொடுகிறது, மலிவு விடுதிகள் பலவற்றில் ஏசி கிடையாது.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகளே கதி. சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்து எடுத்தால் செலவு பாதியாகும். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் ஊரிலிருந்து கொண்டு போகலாம். நெய், பால்கோவா, பன்னீர் ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு போக அனுமதியில்லை, கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். நாக்கு செத்துப்போனால் பாரிஸில் கார் து நோருக்குப் பின்னாலுள்ள லா ஷாப்பெலுக்கு நடந்து போங்கள்: ஈழத்தமிழர் கடைகளில் கொத்துரொட்டியும் இடியாப்பமும் கிடைக்கும், விலை கேட்பதும் தமிழிலேயே. ஜெர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலின் கோடைத் தேர்த்திருவிழா உங்கள் வார இறுதி ஒன்றில் அமைந்தால், ஏதாவது ஒரு கோட்டையைத் தள்ளிவைத்துவிட்டு அங்கே போகலாம்.

அட்டையில் பணம் கட்டும்போது ரூபாயிலா யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள்; ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் நஷ்டம். செக், ஹங்கேரி, போலந்து, சுவிட்சர்லாந்து ஆகியவற்றின் நாணயம் வேறு. அங்கே உள்ளூர் நாணயத்தைத் தேர்வது இதே காரணத்துக்காகத்தான். ஜெர்மனியில் வாங்கிய சிம் ஒன்றிய நாடுகளில் கூடுதல் கட்டணமின்றி வேலை செய்யும், சுவிட்சர்லாந்தில் அப்படி எதிர்பார்க்க முடியாது. பார்சிலோனாவின் ராம்ப்லா வீதி, பாரிஸ் மெட்ரோ இரண்டிலும் கைப்பேசியைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று தனியே இருக்கட்டும்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் சந்தா முறையில் ஓடுவது. ஊர் திரும்பும் மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால், நீங்கள் பெங்களூருவில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும்போது அடுத்த மாதத்துக்கும் 63 யூரோ பிடித்துக்கொள்வார்கள்.